வலிக்காத சிவப்பு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் காதை நிறைக்கும். அங்கே தறியிலிருந்து இறங்குவது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிகளில் காயத்தை ஒற்றி எடுக்கும் அந்த வெள்ளைத் துணி இங்கிருந்து வெளிநாடுகள் வரைக்கும் போகிறது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு முதல் மருந்தும் கத்திதான், அந்தத் துணி விரித்த மேசைதான். நோயாளி அந்த மேசைக்கு எப்போது வந்து சேர்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம், பெரும்பாலும் வெயில்மேல் போடும் பழி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக் கோடையில் நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. சிறுநீர் சிவந்து போனால், "உடம்புச் சூடு, ரெண்டு இளநி குடி" என்பார்கள். வாழைத்தண்டுச் சாறும் உள்ளே போகும். இரண்டு நாளில் சிவப்பு நின்றுவிடும். சாற்றுக்குப் பெயர் கிடைத்துவிடும்.

ஆனால் புற்றுக் கட்டியிலிருந்து கசியும் ரத்தமும் தானாக வரும், தானாக நிற்கும். கல் நகர்ந்தால் ஆளைச் சுருட்டிப் போடும். கட்டியோ ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. நாற்பதைக் கடந்தவருக்கு வலியில்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போனாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். புகை பிடிப்பவர், ரத்த அழுத்தமோ உடல் பருமனோ உள்ளவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தம், விலாவலி, கையில் தட்டுப்படும் கட்டி என்று பழைய மருத்துவப் பாடநூல்கள் மூன்று அறிகுறிகளைச் சொல்லும். மூன்றும் சேர்ந்து வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. இன்று பாதிக்கு மேற்பட்ட கட்டிகள், பித்தப்பைக் கல்லுக்கோ வயிற்று வலிக்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத்தான் அகப்படுகின்றன.

ஸ்கேனில் சந்தேகம் எழுந்தால் அடுத்தது, நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படம். மற்றப் புற்றுநோய்களைப் போல் முதலில் சதை எடுத்துப் பார்ப்பது இதில் பல நேரம் தேவைப்படாது. படமே போதிய சாட்சி. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியென்றால் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே மருத்துவர் முயல்வார். பெரிதென்றால் சிறுநீரகம் முழுவதும் போகலாம். ஒன்றை வைத்துக்கொண்டு வாழ முடியுமா என்ற பயத்துக்கு 1869லேயே விடை கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் குஸ்தாவ் சைமன், முதலில் நாய்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அந்தப் பெண் பிழைத்தார்.

பரவிவிட்டால்? வழக்கமான கீமோதெரபிக்கு இந்தப் புற்று மசிவதில்லை. அதன் சூட்சுமம் பிடிபட்டது 1993க்குப் பிறகுதான். அந்த ஆண்டு வி.எச்.எல். என்ற மரபணு கண்டறியப்பட்டது. போதுமான ஆக்சிஜன் இருக்கும்போது, புது ரத்தக்குழாய் கேட்டுக் குரல் கொடுக்கும் புரதத்தை அழிப்பது அதன் வேலை. மரபணு பழுதானால் அழிக்க ஆளில்லை. செல், மூச்சு முட்டுவதாகவே எண்ணிக்கொண்டு குழாய்களை வரவழைத்தபடி இருக்கும், கட்டி கொழுக்கும். உடல் ஆக்சிஜனை உணரும் இந்த வித்தையைத் துலக்கியதற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சுனிடினிப் மாத்திரை 2006இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. இன்று இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் ஊசிகளும் வந்துவிட்டன. அவற்றின் விலைதான் நடுத்தரக் குடும்பத்தையும் திணறடிக்கிறது.

சுனிடினிப்பால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியலாம். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவருக்கு இது சாதாரணப் பக்கவிளைவு அல்ல, கூலிப் பிரச்சினை. தன் வேலை என்ன என்பதை மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்கலாம், இடைவெளியை மாற்றலாம்.

விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் பெரிய அறுவை என்றதும் இந்த ஊர்க்காரர்கள் பஸ் ஏறுவது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். இரவு பொதிகை ரயிலைப் பிடித்தால் விடியலில் எழும்பூர். அங்கிருந்து, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அட்டையைப் பையில் வைத்த பிறகு டிக்கெட் எடுப்பது நல்லது.

அறுவை முடிந்தவர் குறைந்தது ஐந்து ஆண்டுகள், சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தைத்தான் முதலில் பதம் பார்க்கும்.