காலண்டர் சாமிகளின் நிறம்

காலண்டர் படம் என்றாலே விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம், நாடகத் திரை மாதிரி இருக்கிறது என்பார்கள். நாடகத் திரையேதான். காலண்டர் சாமிகளை வரைந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976), தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில் நிலைகொள்ளும் முன் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டிய திரையில் மங்கல் நிறம் எடுபடாது. பிறகு அவர் படங்கள் சிவகாசி அச்சகங்களுக்குப் போயின. அங்கே அடர்ந்த நிழல் அச்சில் அழுக்காக விழும். ஆகவே கன்ன ஓரத்தில் மட்டும் மெல்லிய நிழல். நகையிலும் கண்ணிமையிலும் நுனித் தூரிகையின் கோடு.

ஓவியர் ரவிவர்மாவின் நகல்தானே என்பார்கள். அவர் படங்களிலிருந்து கற்றது உண்மை. ஆனால் ரவிவர்மாவின் புராண மாந்தர் பலர் கதைக்குள் நிற்கிறார்கள். இவருடைய தெய்வங்களோ நேரே நம்மைப் பார்க்கின்றன. பூஜையறை கேட்டது அதைத்தான். ஓரத்தில் அவர் கையெழுத்துள்ள பழைய தாள் வீட்டில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.