திருவிழா விளக்குக்கு யாரிடம் கேட்பது?

மாசி பிறந்தால் ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிவிடும். கோயில் வாசலிலிருந்து லயன் கோடி வரை வர்ண மின்குமிழ்கள் தொங்கும். அந்த வயரை இழுக்க யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்று விசாரித்தால், தோட்டத் துரையிடம் சொன்னோம் என்பார் ஒருவர். தோட்டத் தலைவருக்குத் தெரியும் என்பார் இன்னொருவர்.

இது ஒரே மேசையில் முடிகிற காரியமல்ல. நிலம் அரசுடையது. ஆனால் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. எனவே தோட்ட எல்லைக்குள் துரையின் சம்மதம் வேண்டும். தேர் பெருவீதிக்கு இறங்கினால் அங்கே வேறு அதிகாரம்: வீதி அபிவிருத்தி அதிகார சபை, இல்லையேல் பிரதேச சபை. ஆனால் பிரதேச சபை தோட்டத்துக்குள் வருவது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை: 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்ற உயர் நீதிமன்றக் கட்டளை 2007இலிருந்து இருக்கிறது. சத்தத்துக்கு இத்தனை கண்காணிப்பு. வெளிச்சத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் ஆளைக் கொல்லும் என்றாலும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நேர்வழி, மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிப்பது. மின்கம்பியில் கொக்கி போட்டு எடுப்பது திருட்டு, வழக்கு வரும். நடைமுறையில் பல இடங்களில் நடப்பது வேறு: கோயிலுக்குப் பக்கத்து லயன் வீட்டு ப்ளக்கிலிருந்து ஒரு வயர் வெளியே வரும்.

பாரம் அதிகமாகிவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். எல்.ஈ.டி. வந்தபிறகு அந்தப் பயத்துக்குப் பெரிதாக இடமில்லை. ஆபத்து மின் ஒழுக்கில் இருக்கிறது. மெல்லிய வயரை முறுக்கி, டேப் சுற்றி, தகரக் கூரை விளிம்பில் ஆணியடித்துத் தொங்கவிடுகிறோம். நுவரெலியாப் பனியிலும் மழையிலும் டேப் நனையும். ஒரு முடிச்சில் ஒழுகினால் லயன் கூரை முழுவதுமே மின்னேறிய தகடாகிவிடும். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொட்டால், 7 வாட் மின்குமிழ் ஒன்று இழுக்கும் அளவு மின்னோட்டமே உயிரைப் பறிக்கப் போதும். அது ஏறக்குறைய 30 மில்லி அம்பியர். 30 அம்பியர் பியூஸுக்கு இது தெரியவே தெரியாது.

இதை உணர்வது ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. 30 மில்லி அம்பியர் ஒழுகினால் ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். "மழை வந்தால் ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கிறது" என்று அதை விலக்கி நேரடியாக இணைப்பவர்கள் உண்டு. அது விழுவது எங்கோ ஒழுகுகிறது என்பதற்கான தகவல். பழைய லயன்கள் பலவற்றில் வயரிங்கும் பழையதே. மின் ஒழுக்கு என்று சந்தேகிக்கப்படும் லயன் தீவிபத்துச் செய்திகள் மலையகத்துக்குப் புதியவையல்ல.

வெசாக் வந்தால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அலங்கார விளக்குகள் பற்றி அறிவுறுத்தல் வெளியிடும். வெசாக் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதால் அது எடுபடுகிறது. தோட்டத் திருவிழா அப்படியல்ல. ஒரு தோட்டத்துக்கு மாசி, அடுத்ததற்குச் சித்திரை. ஆகவே கொழும்பிலிருந்து வரும் ஓர் அறிவித்தலைவிட, கொடியேறுமுன் கோயில் கமிட்டி கூட்டும் கூட்டத்தில் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரை உட்கார வைப்பதே பயன்தரும் என்பது என் எண்ணம்.

தேர் விஷயம் இன்னும் கடுமையானது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வீதி புதுப்பிக்கப்பட்டு மேடாகியிருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. நம் தோட்ட வீதிகளோ ஏறி இறங்கி வளைபவை; சென்ற வருடம் தப்பிப் போன தேர் இந்த வருடமும் தப்பும் என்று சொல்ல முடியாது. தேராக வரும் ட்ரக்டரில் ஜோடனை ஏற்றுமுன் உயரத்தை அளந்து, போகும் பாதையை மின்சார சபைக்கு எழுதிக் கொடுத்து, தேர் கடக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தித் தரும்படி கேட்கலாம்.

கட்டிய விளக்குகளை எத்தனை நாள் விட்டுவைக்கலாம் என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவை பண்டிகை அலங்காரத் தற்காலிக வயரிங்கை 90 நாட்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. வெயிலும் மழையும் வயரின் மேலுறையைத் தின்றுவிடும். இங்கே தீபாவளிக்குக் கட்டியது நத்தார் தாண்டி, பொங்கல் தாண்டி, அடுத்த திருவிழாவுக்கும் அப்படியே தொங்குகிறது. பந்தலைப் பிரிக்கும் அன்றே வயரையும் கழற்றிச் சுருட்டி, வெடித்த துண்டுகளை எறிந்துவிட வேண்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கவும்.