பிரசவத்துக்குப் பின் எண்ணெய் தேய்த்து நீவுவது: எங்கே நல்லது, எங்கே கூடாது

வலிக்கும் இடம் எது?

பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்ப்பது என்றால் நம் வீடுகளில் முதலில் வயிற்றுக்குத்தான் கை போகிறது. ஆனால் அன்றாடம் அவளைப் படுத்துவது பெரும்பாலும் முதுகும் தோள்பட்டையும்தான். பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனை முறையும் குனிந்து உட்கார்ந்தால் கழுத்து இறுகும், குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரலின் அடிப்பகுதி நோகும். வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொட்டு இந்த இடங்களை இதமாக நீவினால் தசை தளரும், தூக்கம் வரும். சிசேரியன் ஆன பெண்களுக்குக் கையையும் பாதத்தையும் நீவியபோது வலியும் பதற்றமும் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அவை சிறிய ஆய்வுகள், பலன் நீடிப்பதும் சிறிது நேரமே என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் தினமும் செய்யும் வீட்டு வழக்கத்துக்கு மதிப்பு இருக்கிறது. வலிக்கு மாத்திரை போதாதா என்பவர்களுக்கு ஒரு பதில்: பிள்ளையை வேறொருவர் வாங்கிக்கொள்ள, தாய் கண்மூடிக் கிடக்கும் அரை மணி நேரத்தை எந்த மாத்திரையும் தராது.

வயிற்றை ஏன் அழுத்தக் கூடாது?

"அழுத்தி உருவாவிட்டால் கர்ப்பப்பை சுருங்காது, தொப்பை விழும்" என்று பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கர்ப்பப்பையைச் சுருக்குவது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன். பால் கொடுக்கும்போது அது தானாகச் சுரக்கிறது. சுமார் 6 வாரத்தில் கர்ப்பப்பை பழைய அளவுக்கு வந்துவிடும். பாட்டிமார் நீவியதெல்லாம் பெரும்பாலும் சுகப்பிரசவ உடம்பை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வெளித்தையல் ஆறினாலும் உள்தையல் ஆற வாரக்கணக்காகும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்த வயிற்றில் கை வைக்கக் கூடாது. பால் கட்டிய மார்பையும் பிசையக் கூடாது, வீக்கம்தான் கூடும். வழக்கத்தையே கைவிடச் சொல்லவில்லை, கை போகும் இடத்தை மாற்றச் சொல்கிறேன்.

ஒற்றைக் கால் வீங்கினால்

பிரசவத்துக்குப் பிந்திய 6 வாரங்களில் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையும் அபாயம் மற்ற நாட்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு பாதமும் சற்று உப்பியிருப்பது சகஜம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அதை நீவவே கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.