மழைக்கு முன்பே துளிர்க்கும் காடு

மசினகுடியிலிருந்து கூடலூருக்கு பஸ்ஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்குள் முள்காடு முடிந்து, தேக்கும் வெக்காலியும் வந்து, பிறகு மூங்கிலும் ஈட்டியும் நெருங்கி நிற்கத் தொடங்கிவிடும். கூடலூர்ப் பக்கம் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. மலை மறைவில் கிடக்கும் மாயாற்றுப் பக்கம் அதில் பாதிதான் தேறும்.

ஆனால் மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட, தொடர்ந்து எத்தனை மாதம் பெய்யாமல் இருந்தது என்பதே மரத்துக்கு முக்கியம். வேரிலிருந்து இலைவரை தண்ணீர் அறுபடாத இழையாக மேலே இழுபடுகிறது. மண் காயக் காய இழுவிசை கூடும். ஓர் அளவைத் தாண்டினால் நீர் ஏறும் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து இழை அறுந்துவிடும். தேக்கின் குழாய்கள் அகலமானவை. மழைக்காலத்தில் மளமளவென நீர் ஏற்றும், வறட்சியில் இழை சுலபமாக அறும். ஆகவே நிலைமை முற்றும் முன்பே தேக்கு கடையைக் கட்டிவிடுகிறது. அப்போதும் சும்மா உதிர்ப்பதில்லை: இலையிலுள்ள நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் கணிசமான பங்கைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொண்ட பிறகே காம்பை விடுகிறது.

முள்காட்டில் வேறு உத்திகள். உசிலைக்கு இலை பொடிப்பொடியாக இருக்கும். சதுரக்கள்ளி இலையையே ஏறக்குறைய கைவிட்டு, பச்சைத் தண்டில் உணவு தயாரிக்கிறது. காற்றை உள்ளே வாங்கும் துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது.

இதில் வேடிக்கை மார்ச், ஏப்ரலில் நடப்பது. வெயில் கொளுத்துகிறது, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இந்த வழியிலுள்ள முதுமலைக் காட்டில் பல மரங்கள் துளிர்த்துவிடுகின்றன. அவசரக்குடுக்கைத்தனம் என்றுதான் தோன்றும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முரளியும் சுகுமாரும் இதை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். மழை வந்ததும் இலை தின்னும் பூச்சிகள் பெருகும். முன்கூட்டித் துளிர்த்த மரங்களின் இலைகள் அதற்குள் முற்றிவிடுவதால் சேதம் குறைவு. தாமதித்தவற்றுக்கு அடி அதிகம்.

அந்தத் துளிருக்குத் தண்ணீர்? ஆழத்து ஈரம் கொஞ்சம், அடிமரத்துச் சேமிப்பு கொஞ்சம். கருமருதில் இந்தச் சேமிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆந்திராவின் பாபிகொண்டா காட்டில் 2024 மார்ச்சில் வனத்துறையினர் ஒரு மரத்தின் பட்டையை வெட்ட, தண்ணீர் பீய்ச்சியடித்தது. எல்லாக் கருமருதிலும் இப்படி வராது. அடிமரம் புடைத்திருக்க வேண்டும். எந்தப் புடைப்பில் தண்ணீர் இருக்கும் என்பது அங்குள்ள கொண்டாரெட்டி மக்களுக்கு முன்பே தெரியும். தண்ணீர் புளிக்குமாம், வாடையும் தூக்கலாம்.