இருட்டில் மறையும் விளிம்பு

பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரர்கள் பனிக்கட்டியைப் பார்க்க மீன் கடைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து அல்சூர் ஏரி உறைவதில்லை. ஆனால் அந்த ஏரிக்கரையில் பயிற்சி பெறும் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களுக்கு இமயத்தின் பனி புதிதல்ல.

2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் குளிர் மைனஸ் 8.4 டிகிரி. முப்பது ஆண்டுகளில் காணாதது. தால் ஏரி உறைந்தது. அதன்மேல் நடக்க வேண்டாம் என அதிகாரிகள் எச்சரித்தனர். பிழைப்பு நடக்க வேண்டுமே! படகுக்காரர்கள் துடுப்பால் பனியை உடைத்து ஷிகாராவுக்கு வழி செய்கிறார்கள். உடைத்த இடத்தில் இரவில் பாலாடை போல மெல்லிய பனி படிகிறது. பார்வைக்குத் தரை, கால் வைத்தால் தண்ணீர்.

அமெரிக்காவில் இதே ஆபத்து இயந்திரத்தால் உருவாகிறது. உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து, படகுத்துறையின் தூண்களையே பெயர்த்துவிடும். எனவே அடியிலுள்ள, சற்றே வெப்பமான நீரை மேலே தள்ளித் துறையைச் சுற்றி உறையாமல் காக்கிறார்கள். துறை தப்பிக்கிறது. இரவில் பனிமேல் வண்டியோட்டி வருபவர்? மின்னசோட்டா மாநிலத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். இருட்டில் பலகை தெரியாது. அங்கே விளக்குதான் காவல். அதுவும் கண்ணைக் கூசவைக்காமல், நீரின் விளிம்பைக் காட்ட வேண்டும்.

பனியில்லாத ஊர்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிடுகிறது. படித்துறையோ படகுத்துறையோ, கரை முடியும் இடம் இரவிலும் தெரிய வேண்டும்.