கரணையால் கட்டிய இமயம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மலை கிடையாது. அங்கே இயற்கையாக அமைந்த மிக உயர்ந்த மேடே கடல்மட்டத்திலிருந்து 105 மீட்டர்தான். சதுப்பும் ஏரியுமாகப் பரந்து கிடக்கும் அந்தச் சமவெளியில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே, பனி மூடிய சிகரம் ஒன்று நிற்கிறது. பாறை அடுக்குகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. நீர் அரித்த தடங்கள் தெரிகின்றன. ரயில் ஒன்று அலறலோடு குகைக்குள் பாய்கிறது. டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவில் 2006 ஏப்ரலில் திறக்கப்பட்ட ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ ரோலர் கோஸ்டரின் மலை அது. கம்பி, சிமெண்ட், மணல், வண்ணம் ஆகியவற்றைக் கொண்டு மனிதர்கள் செய்த மலை.

இதன் உயரம் 199.5 அடி. ஏறக்குறைய 61 மீட்டர், இருபது மாடிக் கட்டடத்தின் அளவு. இன்னும் சற்றே உயர்த்தி 200 அடியைத் தாண்டியிருக்கலாமே? அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி, 200 அடியைத் தாண்டும் கட்டுமானங்களின் உச்சியில் பொதுவாக எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். இமயச் சிகரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் மாயம் கலைந்துபோகும். அந்தச் சிறு உயரத்தை விட்டுக்கொடுத்து மலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மலைக்கு உள்ளே போனால் அடுத்த வியப்பு. அது திடமான மலை இல்லை. உள்ளே முழுக்க உருக்குத் தூண்களும் விட்டங்களும். அவற்றின்மேல் சில அங்குலத் தடிமனில் காங்கிரீட் தோல் போர்த்தியிருக்கிறது. ரயில் ஓடும் தண்டவாளம், மலையைத் தாங்கும் சட்டகம், உள்ளே நிற்கும் ராட்சத பனிமனிதப் பொம்மை ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டமைப்புகள். ஒரே இடத்தில் பின்னிக் கிடந்தாலும் ஒன்றையொன்று தாங்குவதில்லை. பல டன் எடையுள்ள ரயில் வளைவில் திரும்பும்போது தண்டவாளம் அதிர்கிறது. அந்த அதிர்வு நாள் முழுக்கக் காங்கிரீட் தோலுக்குப் போய்க்கொண்டிருந்தால் விரிசல் விழும். அதனால்தான் இந்தப் பிரிவினை.

செயற்கைப் பாறை செய்யும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் 1907 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் தம்முடைய விலங்குப் பூங்காவைத் திறந்தார். கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகள். அகழிகளுக்குப் பின்னே சுவிட்சர்லாந்துச் சிற்பி உர்ஸ் எகன்ஷ்வீலர் வடித்த செயற்கைப் பாறை மலைகள். சிங்கம் பாறைமேல் நிற்பதைத் தடுப்பே இல்லாமல் பார்த்த மக்கள் மலைத்துப்போனார்கள்.

அதே 1907-இல் அமெரிக்காவின் சிகாகோவில் இன்னொன்று நடந்தது. இறந்த விலங்குகளை உயிருள்ளவைபோலப் பாடம் செய்வதில் வல்லவரான கார்ல் ஏக்லி, ஃபீல்டு அருங்காட்சியகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர் உதிர்ந்துகொண்டிருந்தது. உலர்ந்த கலவையைக் காற்றழுத்தத்தால் குழாய் வழியே செலுத்தி, நுனியில் தண்ணீரைச் சேர்த்துச் சுவரில் பீய்ச்சும் கருவியை அவர் உருவாக்கினார். 1911-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று ‘ஷாட்கிரீட்’ எனப்படும் தெளிப்புக் காங்கிரீட்டின் தொடக்கம் அதுதான். சுரங்கப்பாதைகளுக்கும் நீச்சல்குளங்களுக்கும் பயன்படும் இந்த முறையில்தான் பூங்கா மலைகளின் தோலும் பிறக்கிறது.

செங்குத்தான பரப்பில் வீசிய ஈரக் கலவை ஏன் வழிந்து விழுவதில்லை? வேகத்தில் விடை இருக்கிறது. முதலில் மோதும் மணலும் பொடிக்கல்லும் தெறித்து விழுந்துவிடும். சிமெண்ட் பசை மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசை மெத்தைபோல் ஆனதும், அடுத்து வரும் துகள்கள் அதில் புதைந்து நிற்கும். மோதலின் விசை காற்றையும் வெளியே தள்ளிக் கலவையை இறுக்கிவிடும். பலகை அடைத்து வார்க்க வேண்டிய தேவையே இல்லை. குகையின் கூரை, தொங்கும் பாறை என எந்த வடிவத்துக்கும் அது இசைந்துபோகும்.

ஆனால் அந்தப் பீய்ச்சலுக்கு அடியில் வடிவம் தரும் எலும்புக்கூடு வேண்டும். 1959-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் மேட்டர்ஹார்ன் மலையை எழுப்பியபோது கணினி உதவி கிடையாது. ஸ்விஸ் எல்லையில் 4,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் அசல் சிகரத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, 147 அடியில் கட்டினார்கள். அதற்காக வெவ்வேறு அளவில் வெட்டிய உருக்கு விட்டங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல்.

எவரெஸ்ட் மலைக்கு வழி மாறியது. தண்டவாளத்தோடு சேர்த்து 24 மாதிரிகள் செய்து பார்த்த பிறகே வடிவம் முடிவானது. இப்படிப்பட்ட வேலையில், இறுதி மாதிரியை லேசர் கதிரால் வருடி, அதன் மேடுபள்ளம் ஒவ்வொன்றையும் கணினிக்குள் கொண்டுவருகிறார்கள். கணினி அந்தப் பரப்பைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தக் கம்பி எங்கே எவ்வளவு வளைய வேண்டும் என்று வளைக்கும் இயந்திரத்துக்குச் சொல்கிறது. எவரெஸ்ட் மலைக்காக இப்படி வளைத்த உருக்குத் துண்டுகள் 25,000. அவற்றை இணைத்துச் செய்த கூடுகள் சுமார் 3,000. ஒவ்வொரு கூட்டுக்கும் ஓரிடம்தான். இடம் மாறினால் பொருந்தாது. கிரேன் தூக்கித் தர, சட்டகத்தில் பற்றவைக்கிறார்கள். மேலே கம்பி வலை கட்டி, தெளிப்புக் காங்கிரீட்டைப் பீய்ச்சுகிறார்கள்.

இதுவரை நடந்தது பொறியியல். இனி வருவது கைவேலை.

முதல் அடுக்கு இறுகியதும் அதன்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ‘செதுக்குப் பூச்சு’ வருகிறது. பாறையின் முகம் உருவாவது இந்தப் பூச்சில்தான். சிமெண்ட் உலர்ந்து இறுகுவதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். புதிதாகப் போட்ட கூரையில் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதும், அந்த வினை பாதியில் நின்றுவிடாமல் இருக்கத்தான். தண்ணீர் சேர்ந்த முதல் ஓரிரு மணி நேரம் வினை ஏறக்குறைய உறங்குகிறது. பிறகு சூடு கிளம்பி, நுண்ணிய படிகங்களும் கூழ்மமும் வளர்ந்து மணலைப் பிணைக்கின்றன. பூச்சு மிகவும் இளகியிருந்தால் செதுக்கிய கோடு சரியும். இறுகிவிட்டால் கரணை உள்ளே இறங்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில மணி நேரமே சிற்பியின் நேரம். வெயில் ஏறினால் அதுவும் சுருங்கும்.

அந்த நேரத்துக்குள் சிற்பி நிலவியலை எழுத வேண்டும். கரணையால் வெட்டினால் புதிதாக உடைந்த பாறை முகம். ஈரத் தூரிகையால் நீவினால் நீர் தேய்த்த வழவழப்பு. கசக்கிய தகட்டை அழுத்தினால் சொரசொரப்பு. ஆனால் ஒரு விதியை மீறக் கூடாது: படிவ அடுக்குகள் மலை முழுக்க ஒரே சாய்வில் ஓட வேண்டும். பத்துப் பேர் பத்து இடத்தில் செதுக்கினாலும் மலை ஒன்றாகத் தெரிய வேண்டும். நிலவியல் படிக்காத பார்வையாளரின் கண்கூட அந்தச் சாய்வு பிசகினால் ‘பொய்’ என்று சொல்லிவிடும்.

எவரெஸ்ட் மலை நிற்கும் அதே அனிமல் கிங்டம் பூங்காவில் 1998 முதல் நிற்கும் ‘உயிர் மரம்’ இந்தக் கலையின் இன்னொரு உச்சம். 145 அடி உயரம். உள்ளே கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையின் பாணியில் அமைந்த சட்டகம். அடிமரத்திலும் வேர்களிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்கு உருவங்கள். அவற்றையும் பூச்சு இறுகுவதற்குள் சில மணி நேரத்தில் செதுக்கி முடிக்க வேண்டியிருந்தது. புயல் வீசும் மண் என்பதால், கிளைகள் காற்றில் சற்றே அசைந்து கொடுக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இத்தனை மெல்லிய தோல் பல ஆண்டு தாங்குவதற்குப் பின்னால் இயற்கையின் ஒரு கொடை இருக்கிறது. உருக்கும் காங்கிரீட்டும் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. பத்து மீட்டர் நீளமுள்ள கம்பி 30 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். காங்கிரீட் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதனால் ஒன்று மற்றொன்றைக் கிழிப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் ஒன்றையும் உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. விரிசல் வழியே நீர் புகுந்து அந்தப் படலம் கெட்டால் ஆபத்து; துரு, இரும்பைவிட அதிக இடம் பிடித்துப் பூச்சை உள்ளிருந்தே பிளக்கும். எனவே மலை விரிந்து சுருங்க ஆங்காங்கே இடைவெளி விடுகிறார்கள். பாறையில் நீங்கள் பார்க்கும் ஆழமான வெடிப்புகளில் சில, அந்த இடைவெளியை மறைக்கச் செதுக்கியவை.

கடைசியாக வண்ணம். எவரெஸ்ட் மலைக்குச் சுமார் 7,500 லிட்டர் சாயமும் வண்ணமும் செலவாயின. நீர்த்த அடர்நிறத்தை மேலிருந்து வழியவிட்டால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகிறது. உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறத்தை எடுத்து மேடுகளில் உரசினால் வெயில் பட்டதுபோல் ஒளிர்கிறது. இன்னொரு நுட்பம் தொலைவைப் பொய்யாக்குவது. மேட்டர்ஹார்னில் மேலே போகப் போகச் சிறிய மரங்களை நட்டார்கள். கண் ஏமாந்து, மலை இன்னும் உயரம் என்று நம்பியது. ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’டிலோ வேடிக்கை வேறு: ரயில் பாயும் பெரிய சிகரம் கதைக்காகக் கற்பனை செய்த மலை. எவரெஸ்ட், அதன் பின்னே வலப்புறத்தில், வெகுதொலைவில் இருப்பதுபோல் தோன்றும் சின்னச் சிகரம்!

இனி ஏதேனும் பூங்காவில் செயற்கைப் பாறையைக் கண்டால் சற்றே நின்று பாருங்கள். அடுக்குகள் ஒரே திசையில் சாய்கின்றனவா? வெடிப்புகள் இயல்பாக ஓடுகின்றனவா? பள்ளங்களில் நிறம் தேங்கியிருக்கிறதா? எல்லாம் பொருந்தியிருந்தால், அங்கே கைதேர்ந்த கலைஞர்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்று தயங்காமல் சொல்லலாம். கணினி கம்பியை வளைத்துத் தரும், கிரேன் தூக்கித் தரும். அதைப் பாறையாக்கியது, இறுகிக்கொண்டிருந்த சிமெண்டோடு போட்டியிட்ட கரணைதான்.