ஓடத்தில் ஏறிய நகைச்சுவை
பேராசிரியர் சாம்பமூர்த்தியும் இசை நாடகமும்

தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளுள் தேவகாந்தாரி இராகத்தில் அமைந்த 'எவரு மனகு' என்பது ஒன்று. கச்சேரி மேடைகளிலே வித்துவான்கள் இதனைக் கண்மூடி உருக்கமாகப் பாடுவதும், சபையோர் பரவசமாகத் தலையசைப்பதும் உண்டு. ஆனால் இது உருகிப் பாடும் வேண்டுதல் அன்று. ஓடமேறிய ஆயர்குலப் பெண்கள், கண்ணனே தங்கள் கைக்குள் வந்துவிட்டான் என்னும் செருக்கிலே, தங்களுக்கு நிகர் யாருளர் என்று பீற்றிக்கொள்ளும் பாட்டு அது. அடுத்த காட்சியிலே ஓடத்தில் ஓட்டை விழப்போகிறது. அந்த வம்புப் பேச்சுக்குத்தான் அத்துணைக் கம்பீரமான இராகம்! நாடகத்தை விட்டுப் பாட்டை மட்டும் பிய்த்தெடுத்துப் பாடினால் உள்ளிருக்கும் சிரிப்பு தெரியாமற் போவது இயல்பே.

அந்த நாடகம் 'நௌகா சரித்திரம்'. 1939-ஆம் ஆண்டிலே அதனைப் பதிப்பித்து இசையுலகின் முன் வைத்தவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. 1901-இல் பிறந்து 1973-இல் மறைந்த இவர், வயலினும் புல்லாங்குழலும் பயின்றவர்; சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைப் பல்கலைக் கழகத்திலும் இசை பயிற்றுவித்தவர்; 1930-களின் தொடக்கத்திலே செருமனி நாட்டு மியூனிக் நகரஞ் சென்று மேனாட்டு இசையியலைக் கற்றுத் திரும்பியவர். பாடநூல்களாலேயே பெரும்பாலோர் இவரை அறிவர். சுருதிக் கணக்கும் மேள விளக்கமும் எழுதிய அதே கைதான், பனையோலைகளிலும் பாகவதர் நினைவுகளிலும் சிதறிக் கிடந்த இசை நாடகங்களையும் விடாமல் தேடியது.

நௌகா சரித்திரத்தின் கதை சிறிது. ஆயர் மகளிர் யமுனையிலே ஓடம் விட விரும்புகின்றனர். சிறுவனாகிய கண்ணன் தானும் வருவேன் என்கிறான். இப்பொடியனா ஓடம் செலுத்துவான் என்று அவர்கள் எள்ளுகின்றனர், பின்பு ஏற்றிக்கொள்கின்றனர். நடு ஆற்றிலே தங்கள் அழகையும் பேற்றையும் அவர்களே புகழ்ந்துகொள்ள, புயல் எழுகின்றது. ஓடத்தில் நீர் புகுகின்றது. ஓட்டையை அடைக்க உங்கள் ஆடைகளைத் தாருங்கள் என்கிறான் கண்ணன். அதுவும் கொடுத்தாயிற்று, நீர் நிற்கவில்லை. செருக்கெல்லாம் கரைந்து அவனையே சரணடைந்த பிறகு ஓடம் கரை சேர்கின்றது. ஆடையும் திரும்பக் கிடைக்கின்றது. இந்நிகழ்ச்சி பாகவதத்தில் இல்லை. அழுதும் தொழுதும் இராமனை அழைத்த தியாகராசருக்கு (1767–1847) இத்தகைய குறும்பும் கைவந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். துள்ளும் மெட்டுக்களும், இடையிடையே செய்யுளும் உரைநடையுமாக நாடகம் விரைந்து செல்கின்றது.

மேனாட்டார் இவ்வகையை 'மெல்லிசை நாடகம்' என்னும் பொருள்படத் தனிப் பெயரிட்டு வழங்குவர். பெரிய ஆப்பெராவிலே பேச்சும் பெரும்பாலும் பாட்டே. மெல்லிசை நாடகத்திலோ பேச்சுக்கும் இடமுண்டு, சிரிப்புக்கும் இடமுண்டு. ஆங்கிலேயருள் கில்பர்ட் சொல் எழுத, சல்லிவன் இசையமைத்த நாடகங்கள் பேர் பெற்றவை. 1878-இல் இலண்டனில் அரங்கேறிய 'பினபோர்' என்பதும் கப்பல் கதையே. கடலே செல்லாதவன் கடற்படைக்குத் தலைவனானதை அது நையாண்டி செய்கின்றது. முதன்முறை நடந்தபோதே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தடவை ஆடப்பட்டது. சொல் கோமாளித்தனமாக இருக்கும்போது இசை முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளும். சல்லிவனின் சூட்சுமம் அதுவே. தேவகாந்தாரியில் பீற்றல் பாடவைத்த திருவையாற்றுப் பெரியாரும் அதனைச் செய்திருக்கின்றார், அவருக்கு முந்தியே. இத்தகைய நாடகங்களை எழுதுவது தம் தகுதிக்குக் குறைவென்று சல்லிவன் நெடுங்காலம் மனம் புழுங்கினார். 1891-இல் 'ஐவன்கோ' என்னும் பெரிய ஆப்பெராவும் இயற்றினார். உலகமோ அவரைச் சிரிப்பு நாடகங்களுக்காகவே நினைவில் வைத்திருக்கின்றது.

இத்தகைய குறைவெண்ணம் நம்மவரிடமும் இல்லாமலில்லை. கீர்த்தனை உயர்வு, நாடகப் பாட்டு தாழ்வு என்ற நினைப்பு நெடுநாள் நிலவியது. சாம்பமூர்த்தி அதற்கு இசையவில்லை. 1955-இல் தஞ்சை மராட்டிய மன்னர் சகசி (ஆட்சி 1684–1712) இயற்றிய 'பல்லக்கி சேவாப் பிரபந்த'த்தையும் அவர் வெளியிட்டார். திருவாரூர்த் தியாகேசரை அழைத்துவரப் பல்லக்கு அனுப்பும் அந்நாடகம் இனிமையானது. அதே மன்னர் 'சதிதான சூரமு' என்னும் முழு நகைச்சுவை நாடகமும் எழுதியிருக்கின்றார். மன்னார்குடித் திருவிழாவிலே, தாழ்ந்த குலத்தவள் என்று ஊரார் ஒதுக்கிய பெண்ணொருத்தியைக் கண்டு மயங்கும் சாத்திரப் பண்டிதருக்கு, அவருடைய மாணவனே சாத்திரம் எடுத்துரைக்க நேர்கின்றது! அரசவையிலேயே இப்படிச் சிரித்திருக்கின்றார்கள்.

பேராக் மாநிலத் தமிழர்க்கு இச்சுவை புதிதன்று. தைப்பூச நாளில் புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ முருகன் குகைக் கோயிலுக்குக் காவடிகள் செல்லும் ஈப்போ வட்டாரத்திலே, வள்ளி கதை அறியாதார் யார்? சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமண'த்திலே முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு வள்ளியை ஆட்டிவைப்பான். யானையைக் காட்டி அவள் அச்சத்தில் தஞ்சம் புகச் செய்வது முருகன் சூழ்ச்சி. புயலைக் காட்டிப் புகச் செய்வது கண்ணன் சூழ்ச்சி. ஒன்று ஆர்மோனியப் பெட்டியும் பபூனுமாகத் திருவிழாக் கொட்டகைகளில் ஊர்தோறும் ஆடப்பட்டது. மற்றது பாகவதர் வீடுகளிலே அடைபட்டுக் கிடந்தது. முன்னதற்கு விடிய விடியப் பார்த்த மக்கள் காவலாயினர். பின்னதற்குச் சாம்பமூர்த்தியைப் போன்ற ஒரு பதிப்பாசிரியர் தேவைப்பட்டார்.